விசில் ஊதாத தண்ணீர்

2009 மார்ச் 2: 0
2011 டிசம்பர் 31: 38,200
2015 ஜூன் 30: 1,26,900
2019 ஜூன் 30: 2,58,350
2023 நவம்பர் 18: 4,12,650
2023 நவம்பர் 19: 0. வரி மட்டும் 1,148 டாலர்.
2024 மே 9: திரும்பக் கிடைத்தது 0.

இவை பணம் அல்ல, விமானக் கம்பெனி கொடுக்கும் புள்ளிகள். கடையில் பால் வாங்கினாலும், வண்டிக்கு டீசல் போட்டாலும், தண்ணீர் வரி கட்டினாலும் கார்டைத் தேய்த்தால் டாலருக்கு ஒன்று என்று சேரும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி தங்கச் சுரங்கத்தின் எடைமேடையில் லாரிகளை எடைபோட்டு ஓய்வு பெற்ற கிளெம் ட்ரெலோர், பதினாலு வருஷமாக இப்படித்தான் சேர்த்து, கணக்கு நோட்டில் எழுதிவந்தார்.

ஊரில் இதற்காக அவருக்குக் கெட்ட பெயர். வெள்ளிக்கிழமை மாலை பப்பில் எட்டுப் பேர் சேர்ந்து குடித்துச் சாப்பிட்டு முடித்ததும் கிளெம் கையைத் தூக்குவார். மொத்த பில்லையும் தன் கார்டில் தேய்த்துவிட்டு ஆளாளுக்கு நோட்டாக வாங்கிக்கொள்வார்.

"வந்துட்டாருய்யா பேங்க் மேனேஜர்" என்பான் மிர்கோ. எதிர்வீட்டுக்காரன், மண் அள்ளும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறவன். "நாளைக்கு நான் செத்தா சவப்பெட்டியக்கூட இவன் கார்டுலதான் வாங்கணும். அதுலயும் புள்ளி எண்ணுவான்."

"பெட்டி என்ன வெல வரும்?" என்று கிளெம் நிஜமாகவே கேட்டார்.

"பாத்தீங்களா! கேக்குறான் பாருங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். கிளெம்மும் சிரித்தார். எதற்காகச் சேர்க்கிறார் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அவர் மனைவி லோர்னா சுரங்க முகாமில் இருநூறு பேருக்குச் சமைத்தவள். எப்போதோ ஒரு பத்திரிகையில் வந்த, பசிபிக் கடலில் இருக்கும் ரரோதோங்கா தீவின் படத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தாள். கடலுக்கு நடுவே பவளப்பாறை வளையம். அதற்கு உள்ளே இடுப்பளவு தண்ணீர், வெதுவெதுப்பாக, கண்ணுக்கு எட்டும் தூரம்வரை. ஒரு முறை கூரை பெயர்ந்தது, போகவில்லை. இன்னொரு முறை மகள் கல்யாணம் வந்தது, போகவில்லை. மூன்றாம் முறை போகலாம் என்றபோது முதுகெலும்பில் கட்டி இருப்பது தெரிந்தது. கையிருப்பெல்லாம் பெர்த் நகரத்துக்குப் போய்ப் போய் வைத்தியம் பார்த்ததில் கரைந்தது.

அதற்குப் பிறகு லோர்னாவால் உட்கார முடியாது. நிற்கலாம், கொஞ்சம் நடக்கலாம், படுக்கலாம். உட்கார்ந்தால் இருபது நிமிஷத்தில் இடுப்புக்குக் கீழே நெருப்பு வைத்தது போலாகிவிடும். வலியே இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஊர் நீச்சல் குளத்தில் நோயாளிகளுக்கென்று ஒரு வெந்நீர்த் தொட்டி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் அரை மணி நேரம். அரை மணி முடிந்தால் காவலுக்கு நிற்கும் பெண் விசில் ஊதுவாள். அடுத்த குழு காத்திருக்கும்.

"அந்த அரை மணி எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோகுது, கிளெம்" என்பாள் லோர்னா, துண்டால் போர்த்திக்கொண்டு. "அப்பறம் அந்தப் பாழாப்போன விசில். விசில் ஊதாத தண்ணி ஒண்ணு வேணும் எனக்கு. இருட்டுறவரைக்கும் கிடப்பேன்."

முதல் வகுப்பு என்பது அந்த வீட்டில் இப்படித்தான் தேவையாயிற்று. பத்து வருஷத்துக்கு முன் கேட்டிருந்தால், "அந்தச் சீமாட்டி வேஷமெல்லாம் நமக்கெதுக்கு" என்று லோர்னாவே மறுத்திருப்பாள். இப்போது, இருக்கையை நீட்டிப் படுக்கையாக்கிக்கொள்ளும் அந்த வகுப்பு தவிர அவள் உடம்பைத் தீவுக்குக் கொண்டுபோக வேறு வழி இல்லை. இரண்டு பேருக்கும், போக வர, கிளெம்மின் புள்ளிகள் அத்தனையும் போயின, வரியை மட்டும் காசாகக் கட்டினார். கல்கூர்லியிலிருந்து பெர்த், பெர்த்திலிருந்து சிட்னி, சிட்னியிலிருந்து ஆக்லாந்து, அங்கிருந்து தீவு. நாலு விமானம், ஒரே டிக்கெட். முதல் விமானம் மட்டும் சின்னது. அதில் படுக்கை கிடையாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "பறக்கலாம்னு ஜூன் இருபத்தெட்டு வரைக்கும் கையெழுத்துப் போடுறேன். கட்டி நரம்புக்குப் பக்கத்துல போயிட்டிருக்கு. அதுக்கப்பறம் எங்கிட்டயும் கேக்காதீங்க, வேற யாருகிட்டயும் கேக்காதீங்க."

பயணம் மே ஒன்பதாம் தேதி. அதற்குப் பிறகும் ஏழு வாரம் கையில் இருந்தது. கிளெம் நிம்மதியாகத்தான் இருந்தார்.

எட்டாம் தேதி காலையில் லோர்னா எழுந்திருக்கவில்லை. வலி மாத்திரை போட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். "மத்ததெல்லாம் சமாளிச்சுருவேன். அந்த முதல் ஒரு மணி நேரந்தான் பயமா இருக்கு" என்றாள்.

மிர்கோ வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கீங்க? என் வேன்ல பின்னாடி ரெட்டை மெத்தை போடுறேன். அக்கா மகாராணி மாதிரி படுத்துக்கிட்டே வரட்டும். பெர்த்து என்ன சந்திர மண்டலமா? அறுநூறு கிலோமீட்டரு. மத்தியானத்துக்கு மேல கெளம்புனா ராத்திரிச் சாப்பாடு அங்க."

அந்த ஊரில் அறுநூறு கிலோமீட்டர் ஒரு தூரமே அல்ல. பல் பிடுங்கப் போகிற தூரம். லோர்னாவின் முகம் தெளிந்தது. அது போதுமாக இருந்தது கிளெம்முக்கு.

கிளம்பும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. நாளைக் காலை கல்கூர்லி விமானத்தில் தங்கள் இரண்டு இருக்கையும் சும்மா போகும். மருத்துவத்துக்குப் போகிற யாருக்காவது உதவுமே. சுரங்கத்தில் வேலை மாறும் நேரத்தில் வர முடியாதவன் முன்கூட்டியே சொல்லிவிடுவான். சொல்லாதவனை மனுஷனாக மதிக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் உள்ளூர் விமான நிலையத்துக்குப் போன் போட்டார். அங்கே வேலை செய்யும் கேலீனை அவருக்குச் சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும்.

"நாளைக்கு நாங்க அந்த ஃப்ளைட்ல வரலம்மா. மிர்கோ வண்டில போறோம். எங்க சீட்ட வேற யாருக்காவது குடுத்துரு."

"அடடா, ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு. நான் எழுதிக்கறேன் மாமா. லோர்னா அத்தைய பத்திரமா பாத்துக்கங்க."

அவள் எழுதிக்கொண்டாள். மற்றதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது.

மறுநாள் பெர்த் விமான நிலையத்தில் முதல் வகுப்புக்குத் தனி வரிசை, சிவப்புக் கம்பளம். மகள் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டை கிளெம் போட்டிருந்தார். கவுண்டரில் இருந்த பெண் மூன்று முறை தட்டிப் பார்த்தாள்.

"சார், உங்க பேர்ல டிக்கெட் இல்லையே."

"இருக்கும்மா. நவம்பர்ல எடுத்தது. நம்பர் சொல்லவா?" நம்பர் அவருக்கு மனப்பாடம்.

அவள் மறுபடி பார்த்தாள். குரல் இறங்கியது. "கல்கூர்லிலேந்து நீங்க வரல சார். முதல் ஃப்ளைட்ல வரலேன்னா மீதி டிக்கெட் தானா ரத்தாயிடும். விதி அப்படி."

"நாங்க வந்துட்டமே! முன்னாடி நிக்கறமே! ரோட்டுல வந்தோம், அவ்வளவுதான?"

"புரியுது சார். ஆனா காத்திருந்தவங்களுக்கு உங்க சீட்டு போயிடுச்சு. இன்னைக்கு முதல் வகுப்பு காலி இல்ல."

"அப்ப புள்ளிய திருப்பித் தாங்க. அடுத்த வாரம் போறோம்."

அவள் கண்ணைத் தாழ்த்தினாள். "கிளம்புற அன்னைக்கு ரத்தானா புள்ளி திரும்ப வராது சார்."

மேலதிகாரி வந்தார். மரியாதையாக அதையே சொன்னார். காசு கொடுத்து வாங்குவதானால் அடுத்த வாரம் இரண்டு பேருக்கு இருபத்து மூவாயிரம் டாலர் ஆகும் என்றார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத கிளெம், கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "என்னை விட்டுருங்க. எனக்கு வேணாம். அவள மட்டும் படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போங்க. நான் பின்னாடி எங்கயாவது உக்காந்து வரேன். கக்கூஸ் பக்கத்துல கொடுத்தாலும் சரி."

"ஏய்! அந்தம்மா என்ன ஊரச் சுத்திப் பாக்கவா போகுது?" என்று மிர்கோ அந்த மண்டபமே திரும்பும்படி கத்தினான். இரண்டு காவலர்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

மூன்று நாற்காலிகளின் மேல் நீட்டிப் படுத்திருந்த லோர்னா மெல்ல எழுந்தாள். "கத்தாத மிர்கோ. சாதா வகுப்புல இடம் இருக்கான்னு கேளு. சிட்னி எவ்வளவு நேரம்?"

"நாலரை மணி" என்றாள் அந்தப் பெண்.

"நாலரைதான? அது வரைக்கும் பல்லக் கடிச்சுக்கறேன். இப்ப பாரு." அவள் ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள், விமானத்தில் இருப்பவளைப் போல. கிளெம் எதிரில் நின்றார். முதலில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு உதடு வெளுத்தது. பிறகு மேல் உதட்டில் வியர்வை கோத்தது. கைப்பையின் வாரை அவள் விரல்கள் முறுக்க ஆரம்பித்தன.

"போதும் லோர்னா."

"இன்னும் கொஞ்சம். இப்பதான் மேல ஏறிருக்கோம்."

"லோர்னா!"

அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். மிர்கோதான் பாய்ந்து பிடித்தான். கவுண்டர்ப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தாள். விமானம் அவர்கள் இல்லாமலே போயிற்று.

வேனுக்குத் திரும்பியபோது மிர்கோ சொன்னான்: "அக்கா, இங்கேந்தே படகு ஏறுனா ராட்னெஸ்ட் தீவு. அரை மணிதான். நின்னுக்கிட்டே போயிரலாம். அங்கயும் தண்ணிதான?"

"மே மாசத்துலயா? குளிர் ஆரம்பிச்சாச்சு. அந்தத் தண்ணில காலு வச்சா எனக்கு முதுகு மட்டுமில்ல, பல்லும் போயிரும்" என்றாள் லோர்னா மெத்தையில் கிடந்தபடி. வேன் அந்த அறுநூறு கிலோமீட்டரையும் திரும்ப ஓடியது.

தாங்கிக்கொள்ள முடியாததாக கிளெம்முக்கு இருந்தது ஒன்றுதான். அந்த ஒரு போன்! போன் போடாமல் வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவருக்கு அது இறங்கவில்லை. இரவல் கொடுப்பது போல, தன் வாயாலேயே அவள் படுக்கையைத் தூக்கிக் கொடுத்துவிட்டதாகத்தான் தோன்றியது. கேலீன் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, "உன் மேல ஒண்ணும் இல்லம்மா" என்று அனுப்பினார்.

விமானக் கம்பெனிக்கு எழுதினார். வருந்துகிறோம், விதி இப்படி என்று பதில் வந்தது. டாக்டர் சான்றிதழோடு மறுபடி எழுதினார். பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. போன் செய்தால் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து ஆள் வந்தால், அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. தன் பழைய வண்டியை விலைக்குப் போட்டார். எட்டாயிரத்துக்கு மேல் கேட்பாரில்லை.

வெள்ளிக்கிழமை மிர்கோ பப்பில் தொப்பியைச் சுற்றவிட்டு இரண்டாயிரம் டாலர் கொண்டுவந்தான். லோர்னா வாங்கவில்லை. "இருபது வருஷம் அவனுங்களுக்குச் சோறு போட்டேன். இப்ப தொப்பி ஏந்தி வாங்கவா? எடுத்துட்டுப் போயிரு."

"சரி, காசு வேணாம். புள்ளி?"

அதை அவள் மறுக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கிளெம்மைக் கிண்டல் செய்தவர்கள் எல்லாரும் அவரைக் கடை கடையாக இழுத்துக்கொண்டு அலைந்தார்கள். மிர்கோ மண் அள்ளும் இயந்திரத்துக்கு நாலு புது டயர் வாங்கினான், கிளெம் கார்டில். ஒருவன் கூரை மாற்றினான், கிளெம் கார்டில். இன்னொருவன் மகளுக்குப் பல்லில் கம்பி கட்டினான். "தேய்ய்யா பேங்க் மேனேஜர், தேய்" என்றார்கள். ஆனால் இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஜூன் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது அறுபத்தோராயிரம் சேர்ந்திருந்தது. போவதற்கு மட்டுமே இரண்டு லட்சத்துக்கு மேல் வேண்டும்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி டாக்டர் வீட்டுக்கு வந்தார். லோர்னாவின் பாதத்தை ஊசியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். இடது காலில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பறக்கலாம் என்று மறுபடி கையெழுத்து வாங்க கிளெம் நீட்டிய தாளை டாக்டர் வாங்கிப் பார்த்தார். மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வெந்நீர்த் தொட்டிக்கும் இனிப் போக வேண்டாம் என்றார்.

"அப்ப அந்தப் பொண்ணு யாருக்கு விசில் ஊதுவா?" என்றாள் லோர்னா.

முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். படத்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து எதிர்ச் சுவரில் ஒட்டலாமா என்று கிளெம் கேட்டார். வேண்டாம் என்றாள்.

பிறகு ஒரு நாள் தபாலில் உறை வந்தது. கிளெம் நின்றபடியே வாசித்தார். தங்கள் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, விதிவிலக்காக, 4,12,650 புள்ளிகளும் கணக்கில் திருப்பி வைக்கப்பட்டுள்ளன. பன்னிரண்டு மாதத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளவும். இனிய பயணம் அமைய வாழ்த்துகள்.

"முழுசாவா?" என்று கேட்டாள் லோர்னா.

"முழுசா."

"வரி?"

"வரி தரல."

"அதான பாத்தேன்." கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "மிர்கோகிட்டச் சொல்லிரு. சவப்பெட்டிக்கு நான் முந்திக்கிட்டேன். கார்டுலயே போடு. புள்ளிய விட்டுறாத."

கிளெம்மால் சிரிக்க முடியவில்லை. சமையலறைக்குப் போய், பெரிய அண்டாவில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் பிடித்து, தளும்பாமல் தூக்கிவந்து கட்டிலுக்கு அருகே முக்காலியில் வைத்தார். அவள் வலது கையை முழங்கைவரை அதில் இறக்கினார். லோர்னா கண்ணை மூடிக்கொண்டாள். விரல்களை மட்டும் விரித்தாள்.

"விசில் ஊதாத, என்ன?"

"ஊத மாட்டேன்."

ஆறியபோதெல்லாம் ஒரு குவளை மொண்டு வெளியே ஊற்றிவிட்டு ஒரு குவளை வெந்நீர் சேர்த்தார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி முகம் தெரியாமல் திருப்பி வைத்திருந்தார். வெளியே இருட்டியது. இடையில் ஒரு தடவை அவள் கண் திறக்காமலே சொன்னாள்: "தேதிய எழுதிட்டு வா. இல்லேன்னா உனக்குத் தூக்கம் வராது."

கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கணக்கு நோட்டில் எழுதினார்.

கடிதம் வந்த நாள்: 2024 ஜூலை 16.