நொச்சிச் செடி அம்மனான கதை

போன வாரம் தபாலில் ஒரு குடமுழுக்கு அழைப்பிதழ் வந்தது. மலேசியாவில் பத்து பாகாட்டிலிருந்து ஆயர் ஈத்தாம் போகும் வழியில், நான் வாலிபத்தில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில் இருக்கும் நொச்சியம்மன் கோயில் அழைப்பு. தல வரலாறு என்று அரைப் பக்கம் போட்டிருந்தார்கள். அம்மன் பல தலைமுறைகளுக்கு முன்பே அந்த இடத்தில் சுயம்புவாகத் தோன்றினாளாம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எந்தக் காலத்தைச் சொன்னாலும் கை பென்சிலைத் தேடும். ஓரத்தில் இப்படி எழுதி வைத்தேன்: "ரப்பர் விலை விழுவதற்கு முந்தைய வருஷம். வெள்ளிக்கிழமை. காலையில், ஆள் கணக்கெடுத்து முடிந்த பிறகு. நான் பக்கத்தில் நின்றிருந்தேன்."

அழைப்பிதழின் நான்கு மூலையிலும் சந்தனம் தடவியிருந்தது. எனக்கோ செராய் எண்ணெய்தான் மணந்தது. அது தோட்டத்தை நிர்வகித்த எங்கள் வெள்ளைக்காரத் துரையின் வாசனை. செராய் என்பது எலுமிச்சை மணமுள்ள ஒரு புல். தோட்டத்துக்கு அப்பால் சீனர்கள் அதை அண்டாவில் வேகவைத்து எண்ணெய் இறக்குவார்கள். துரை கொசுவுக்காக அதைக் கழுத்திலும் முழங்காலிலும் தாராளமாகப் பூசிக்கொண்டு வருவார். அவருக்கு முன்னால் அவருடைய வாசனை ஆபீசுக்குள் நுழையும். நாங்கள் அப்போதே நாற்காலியில் நிமிர்ந்துவிடுவோம். ஒழுங்கான கிராணி என்று நான் வாங்கிய பெயரில் பாதி செராய்க்குச் சேர வேண்டியது.

அந்த வருஷம் மலேரியா கடுமையாக இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றியுள்ள செடி கொடிகளில்தான் கொசு அடைகிறது, சனிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் வெட்டி எறிய வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். அங்கே இருந்தவை காட்டுச் செடிகள் அல்ல. பெண்கள் ஆசையாக நட்டு வளர்த்தவை. பிள்ளைகளின் சளிக்குக் கற்பூரவல்லி, இருமலுக்கு ஆடாதோடை, எல்லாவற்றுக்கும் துளசி, மீன் குழம்புக்கும் வயிற்று உப்புசத்துக்கும் செராய். சாயங்காலம் நொச்சித் தழையைப் புகைத்தால் கொசு அந்தப் பக்கம் வராது. ஆக, கொசுவை விரட்டும் எண்ணெயைப் பூசிக்கொண்ட துரை, கொசுவை விரட்டும் செடிகளைக் கொசுவுக்குப் பயந்து வெட்டச் சொன்னார். இதை அவரிடம் எடுத்துச் சொல்லும் துணிச்சல் எனக்கு இருந்திருந்தால் நான் கிராணி வேலைக்கே வந்திருக்க மாட்டேன்.

பொன்னம்மா ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். லயத்தில் பிரசவம் பார்ப்பவள் அவள்தான்.

"எல்லாத்தையும் வெட்டட்டும் கிராணியாரே. எங்க நொச்சி ஒண்ண மட்டும் விடச் சொல்லுங்க. செல்லாயி மாசமா இருக்கா."

செல்லாயி அவளுடைய இளைய மகள். மூத்தவள் பிள்ளை பெற்றதும் சன்னி கண்டு செத்துப்போனாள். அப்போது வேறு தோட்டத்தில் இருந்தார்கள்; மூன்றாம் நாள் தழை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிப்பாட்ட அங்கே நொச்சி கிடைக்கவில்லை. அதனால்தான் மகள் போனாள் என்று பொன்னம்மா நம்பினாள். இந்தத் தோட்டத்துக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கிருந்தோ ஒரு குச்சி கொண்டுவந்து நட்டாள். அது ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மரமாகவே நின்றது. நான் துரையிடம் என்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன். ஆஸ்பத்திரி எதற்கு இருக்கிறது என்று கேட்டுவிட்டு அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை வெட்டுக்கத்திகளோடு ஆட்கள் போனபோது, நொச்சிக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தது. அடியில் குங்குமம் வைத்த மூன்று கல், எலுமிச்சம்பழம் குத்திய ஒரு சூலம். பக்கத்தில் திருநீறு பூசிக்கொண்டு மாரிமுத்து நின்றார். அவர் செல்லாயியின் மாமனார். கள்ளுக்கடையிலிருந்து தினமும் கடைசியாக எழுந்து போகிறவர். யோசனை பொன்னம்மாவுடையது. சாமி என்றால் துரை தொடமாட்டார் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

துரை வந்தார். தமக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில், "இது எப்போ வந்துச்சு?" என்று கேட்டார்.

"சாமி எப்பவும் இங்கதான் இருக்கு தொரை," என்றார் மாரிமுத்து. "நாங்கதான் இப்ப பாத்தோம்."

துரை தொப்பியைக் கழற்றினார். மற்றதையெல்லாம் வெட்டச் சொல்லிவிட்டு, கல்லுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பும் கொடுத்தனுப்பினார்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை எழுதத் தேவையில்லை. அடுத்த டிவிஷனிலிருந்து ஒருத்தி வந்து வேண்டிக்கொண்டாள். அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. யாரோ கிளையில் தொட்டில் கட்டினார்கள். மாரிமுத்து தாடி வளர்த்தார். கள்ளை விட்டார். அவருடைய மனைவி அம்மனின் முதல் அற்புதம் என்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளடைவில் அவருக்கே விஷயம் மறந்துபோனது, அல்லது நம்பிக்கை வந்துவிட்டது. இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அம்மன் இலையை யாரும் கிள்ளக் கூடாது, தீட்டுள்ளவர்கள் கல்லைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று விதி போட்டார்.

செல்லாயிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத் தீட்டைவிடப் பெரிய தீட்டு உண்டா? வேறு நொச்சியும் தோட்டத்தில் இல்லை. எல்லாம் உத்தரவில் போயிருந்தது. இரண்டாம் நாள் செல்லாயிக்கு உடம்பு சுட்டது. மூன்றாம் நாள் காலை பொன்னம்மா தழை கேட்டு வந்து நின்றாள்.

"கோயில்னு ஆயிடுச்சு சம்பந்தி. பிரசவ வீட்டுக்கு அம்மன் தழைய எப்படிக் குடுக்க?"

"நட்டது யாரு?"

"நட்டது நீங்க. வந்தது அவ."

"பேரன் பொறந்ததுல உங்களுக்கும்தானே தீட்டு?"

உண்மைதான். அதனால் அவர் கல்லுக்கு வெளியேதான் நின்றார். தீட்டு பூசைக்குத்தான், காவலுக்கு இல்லை என்று தமக்கென்று ஒரு துணை விதியும் செய்து வைத்திருந்தார். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. நானும் போயிருந்தேன். பொன்னம்மா மரத்தையே பார்த்தாள். பிறகு அவள் உடம்பு நடுங்கியது. கொண்டை அவிழ்ந்து விழுந்தது. பெண்கள் குலவை இட்டார்கள்.

"எம்புள்ளைக்கு என் தழையக் குடுக்க மாட்டேன்னு சொல்ல நீ யாருடா?"

மாரிமுத்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய் ஒரு கூடை நிறையத் தழை ஒடித்தாள். அன்றைக்குச் செல்லாயியைக் குளிப்பாட்டினார்கள். லயம் முழுக்க நொச்சி வாசனை. இரண்டொரு நாளில் சூடு இறங்கியது. நொச்சியாலா, வயதாலா, தானாகவா என்று நான் வாதாட மாட்டேன். பொன்னம்மா அன்றுதான் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இப்போது அந்த நொச்சி இல்லை. கோயிலுக்குப் பளிங்குத் தரை போட்டபோது வேர் தரையைத் தூக்கும் என்று எடுத்துவிட்டார்களாம். லயங்களும் போயின, ரப்பருக்குப் பதில் செம்பனை நிற்கிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தேய்க்கக் காயு பூத்தே என்ற மூலிகை எண்ணெய் புட்டி கடையிலிருந்து வருகிறது. நல்ல எண்ணெய்தான். மூடியைத் திருகிவிட்டால் வாசனை பக்கத்து வீட்டுக்குக்கூடப் போவதில்லை. துரையின் வாசனை எப்போது கப்பலேறியது என்பதைக்கூட என்னால் சரியாகச் சொல்ல முடியும்.

ஒன்றைத்தான் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அம்மன் உண்மையிலேயே வந்தாளா? வரவில்லை என்று சொல்ல ஒரு சான்று: பொன்னம்மா கோயிலுக்குப் புறப்படும் முன்பே அவள் வீட்டு அடுப்பில் அண்டாத் தண்ணீர் ஏறியிருந்தது. வந்தாள் என்று சொல்ல ஒரு சான்று: சம்பந்தியை அதற்கு முன்னும் பின்னும் அவள் நீங்க என்று தவிர வேறு விதமாக அழைத்ததில்லை. கூடையோடு திரும்பியவளை வழியில் நிறுத்தி நேராகவே கேட்டேன்.

"தண்ணி கொதிச்சுப் போச்சு கிராணியாரே, வழி விடுங்க," என்றாள்.

செல்லாயி பிழைத்தாள், அது உறுதி. மற்றது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.