ஆட்டோ வந்தது

“வாயத் தொற நைனா” என்று சொல்லிவிட்டுத்தான் கெங்கம்மா யந்திரத்துக்குள் காலர் துணியை நுழைப்பாள். ஓரம் கோணினால் அது சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடும். “அடம் புடிக்கிறான் பாரு” என்று அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டக் கூடாது, திரையைத்தான் தொட வேண்டும் என்பது விதி. காய்ப்பு ஏறிய அவள் விரலை அந்தத் திரை மதிப்பதில்லை.

திருவொற்றியூர் ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்தே ஐம்பது வயதைத் தொட்டவள். வீடு கொருக்குப்பேட்டை. பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்கு அரைநாள் சம்பளம் போச்சு. அதனால்தான் சூப்பர்வைசர் லோகநாதன், “அடுத்த மாசம் ஆட்டோ வருது, எல்லாரும் ஒத்துழைக்கணும்” என்றபோது காலர் பிரிவுப் பெண்கள் கைதட்டினார்கள். வீட்டு வாசலுக்கே வண்டி வரப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள். “முன்சீட்டு எனக்கு. எவளும் போட்டிக்கு வராதீங்க” என்று கெங்கம்மா இடம்கூடப் பிடித்துவைத்தாள்.

வந்தது லாரியில் ஒரு பெட்டி. தானாகக் காலர் தைக்கும் யந்திரம். ஆபீசில் அதைச் செல்லமாக ஆட்டோ என்பார்களாம். கைதட்டிய பெண்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்கள், பஸ்ஸில்தான். துணி ஊட்ட ஓர் ஆள் வேண்டுமே என்று கெங்கம்மாவை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

ஆட்டோவுக்குச் சூடு ஆகாது. அதற்கு ஏசி அறை. எண்ணூர்ப் பக்கம் மின்நிலையங்கள் நாளெல்லாம் புகைவிட்டாலும் கம்பெனியில் கரண்ட் போகும். போனால் ஜெனரேட்டர் அதற்கு மட்டும் ஓடும். பட்டன் பிரிவுப் பெண்கள் சாக்குச் சொல்லி உள்ளே வந்து, வேர்த்த கழுத்தைக் காற்றில் காட்டிக்கொண்டு நிற்பார்கள். “இன்னா, நைனா ஒடம்பு எப்டி கீதுன்னு விசாரிக்க வந்தியா?” என்பாள் கெங்கம்மா.

போன மாதம் லோகநாதன் அடுத்த செய்தியைக் கொண்டுவந்தார். கம்பெனி வெளிமாநிலம் போகிறது. அங்கே நிலம் சும்மா, மின்சாரம் பாதி விலை. ஆட்டோ போகிறது, கெங்கம்மா போகவில்லை.

“கூலி ஜாஸ்தி கேட்டா ஊர மாத்திடுவோம்னு சொல்லிகினே இருந்த. நாங்களும் வாய மூடிகினு கெடந்தோம். இப்போ கூலியே கேக்காதது வந்துகீது. அப்பவும் ஊர மாத்துற. இன்னா சார் நியாயம் இது?”

“ஆளே வேணாம்னு ஆனப்புறம் எந்த ஊரா இருந்தா இன்னா கெங்கம்மா” என்றார் லோகநாதன். அங்கே தனக்கு இடம் உண்டா என்று அவருக்கே இன்னும் யாரும் சொல்லவில்லை.

கெங்கம்மாவின் மகள் சிவந்தியின் நர்சிங் படிப்பு பாதியில் நிற்கிறது. இந்த வயதில் வேறு கம்பெனி வாசலில் போய் நின்றால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவான்.

ஆட்டோவை ஏற்றிய லாரி புறப்படத் தயாரானது. மேனேஜர் சம்பிரதாயம் தவறாதவர். எலுமிச்சம்பழங்களை அவளிடம் நீட்டி, “ராசியான கை. டயருக்கு ஒண்ணா நீங்களே வைங்கம்மா. நல்லபடியா போய்ச் சேரட்டும்” என்றார்.

கெங்கம்மா ஒவ்வொரு டயருக்கும் முன்னால் குனிந்து, நிதானமாக நிமிர்ந்தாள்.

“வச்சிட்டேன் சார். எடுக்கச் சொல்லு.”

லாரி நகர்ந்தது. மேனேஜர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். டயருக்கடியில் எதுவும் நசுங்கவில்லை. பழங்களை முடிந்த முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு கெங்கம்மா பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.