இடது தோளின் கறுப்புப் பட்டி

எங்கள் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் யுத்த டாங்கி ஓட்டியவர் என்பது நாங்கள் குடிவந்து இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. முன்பே தெரிந்திருந்தால் அம்மா அந்த வீட்டுக்கு வரச் சம்மதித்திருப்பாரா என்று சொல்ல முடியாது. ஊரில் ராணுவத்துக்குப் பயந்து வாழ்ந்ததில், ஆமி என்ற சொல் காதில் விழுந்தாலே கதவுக் கொண்டியைத் திரும்பிப் பார்க்கிறவர் அவர்.

அது 1986. கனடாவுக்கு வந்த புதிது. டோர்செட் பார்க்கில் சித்தப்பாவின் இரண்டு அறை அப்பார்ட்மென்டில் பதினொரு பேர் இருந்தோம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் எச்சரித்துவிட்டுப் போனபிறகு அப்பா வீடு தேடி அலைந்தார். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றதும் எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்ற போலந்துக்காரக் கிழவர் ஒருவர் தன் வீட்டுக்கு அடியிலிருந்த பேஸ்மென்டை வாடகைக்குத் தந்தார். அவர் ஏன் தந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்ற பயம்.

அந்தப் பயம் அம்மாவை விட்டுப் போகவே இல்லை. நானும் தம்பியும் படியில் ஓடக் கூடாது. குழாயை மெல்லத் திறக்க வேண்டும். கருவாடு பொரிப்பது அடியோடு நின்றது. கிழவனுக்குக் கருவாடு பிடிச்சாலும் பிடிக்கும், ஒருக்காக் கேட்டுப் பாரும் என்று அப்பா பகிடி பண்ணுவார். அம்மா சிரிக்க மாட்டார். குளிர் தொடங்கிவிட்டது, இந்த மனுசன் போகச் சொன்னால் இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவது என்பார்.

அதனால், வீட்டுக்காரர் ஒருநாள் பழைய கோட்டு ஒன்றைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தபோது அம்மாவுக்கு அது கடவுள் தந்த வாய்ப்பாகத் தெரிந்தது. அம்மா தையல்காரி. ஊரில் திருமணச் சட்டைகள் தைத்தவர். வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் சொன்னதை எட்டு வயதான நான் தமிழில் சொன்னேன். எங்கள் குடும்பத்துக்கு அப்போது ஆங்கிலம் நான்தான். பூச்சி அரித்த இடங்களைத் தைக்க வேண்டும், இரண்டு பக்கத் தையலையும் பிரித்துத் தளர்த்த வேண்டும், வயிறு வளர்ந்துவிட்டது, கோட்டு வளரவில்லை. பழைய படைவீரர்களுக்காக அடுத்த ஞாயிறு பூசை இருக்கிறது, அதற்குப் போட வேண்டும்.

“ஆரின்ரை ஆமியாம்?” என்று அம்மா கேட்டார். கோட்டை வாங்க நீட்டிய கை பாதி வழியில் நின்றது.

நான் கேட்டுச் சொன்னேன். போலந்து ஆமி. ஆனால் போலந்தில் இல்லை. நாடு பறிபோன பிறகு ஸ்கொட்லாந்தில் ஒன்றுசேர்ந்து, டாங்கிகள் கிடைத்து, கனடாப் படையோடு சேர்ந்து பிரான்சிலும் ஒல்லாந்திலும் சண்டை பிடித்து வென்றவர்கள்.

அவர் மேலே போனதும் அப்பா சொன்னார்: “நாடில்லாத ஆமியோ? நல்ல கதை. நீர் நல்லாத் தைப்பீர் எண்டு தெரியும். ஆமிக்கும் தைச்சுக் குடுப்பீர் எண்டு தெரியேல்லை.”

“வாயை மூடுங்கோ. மேலை கேக்கப் போகுது.”

அம்மா அந்தக் கோட்டோடு நான்கு நாட்கள் பாடுபட்டார். முதல் நாள் அதைத் தொடும்போது முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டே தொட்டார். பிறகு துணியின் தரம் அவரை வென்றுவிட்டது. ஒன்று மட்டும் அவருக்கு ஒத்துவரவில்லை. வலது தோள்பட்டி கோட்டின் காக்கி நிறம். இடது தோள்பட்டி கறுப்பு. அதுவும் பூச்சி அரித்து, விரலை வைத்தால் உதிரும் நிலை. துணி கிடைக்காத காலத்தில் ஆரோ கையில் அகப்பட்டதை வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்பது அம்மாவின் முடிவு. மேலே போய், இரண்டையும் ஒரே நிறமாக்கிவிடட்டுமா என்று கேட்டுவா என்றார்.

நான் படியேறினேன். மேல் கதவுக்குப் பின்னால் வீட்டுக்காரரின் நாய் உறுமியது. அது கட்டிய நாய்தான், எனக்கும் தெரியும். கதவைத் தட்டாமல் மூன்றாம் படியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு இறங்கி வந்து, “ஓமெண்டு சொன்னவர்” என்றேன்.

கோட்டின் உட்பக்க மடிப்பிலிருந்து துணி வெட்டி எடுத்து அம்மா புதிய பட்டி தைத்தார். எது பழையது, எது புதியது என்று அப்பாவாலும் சொல்ல முடியவில்லை. கறுப்புப் பட்டி பிரிக்கும்போதே துகளாகிவிட்டது. கூட்டிக் குப்பையில் போட்டேன்.

அந்த ஞாயிறு காலை வீட்டுக்காரர் தலை வாரி, சவரம் செய்து, கோட்டைப் போட்டுப் பார்க்க எங்களிடமே வந்தார். பொத்தான்கள் பூட்டுப்பட்டன. வயிற்றைத் தட்டிச் சிரித்தார். எங்கள் சிறிய கண்ணாடியில் ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். வலது கையால் இடது தோளைத் தொட்டார். அந்தக் கை அங்கேயே நின்றுவிட்டது.

அவர் சத்தம் போடவில்லை. கறுப்பு எங்கே என்று மட்டும் என்னைக் கேட்டார்.

நான் தமிழில் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்த அம்மா பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் எல்லாம் விளங்கியிருக்கும் என்று இன்று நினைக்கிறேன். இல்லாமலும் இருக்கலாம். இத்தனை வருடத்தில் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

“சொல்லு பிள்ளை,” என்றார் அம்மா. “அது என்ரை பிழை எண்டு சொல்லு. தெரியாமல் செய்துபோட்டன். கோவிக்க வேண்டாமாம் எண்டு சொல்லு.”

சொன்னேன். என் பிழை என்று நான் சொல்லவில்லை. இப்போது என் மகளுக்கும் எட்டு வயது. அவள் எதையாவது மறைக்கும்போது கண்டிக்க வாயெடுத்துவிட்டு, எனக்கு அதற்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்துப் பேசாமல் விட்டுவிடுகிறேன். அது சரியா பிழையா என்றும் தெரியவில்லை.

அந்தக் கறுப்பு எதற்கென்று நான் வளர்ந்தபிறகுதான் நூலகத்தில் படித்தேன். போர் தொடங்கியபோது அவர்களின் பழைய படை கறுப்புத் தோல் கோட்டுப் போட்டிருந்ததாம். அந்தப் படையின் ஞாபகமாகத்தான் அந்நிய மண்ணில் புதிதாகச் சேர்ந்த டாங்கிப் படை இடது தோளில் மட்டும் கறுப்பு வைத்துக்கொண்டது. அவர்களை நடத்திய தளபதி, போர் முடிந்தபின் குடியுரிமை பறிக்கப்பட்டு, ஸ்கொட்லாந்தில் ஒரு மதுச்சாலையில் வேலை செய்தாராம்.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் அவர் தன் குளிர் கோட்டை எடுத்துவந்தார். கோயிலில் கொடுத்த கோட்டு, அவரிடமிருந்த ஒரே கோட்டு, கறுப்பு. அதன் பையின் மேல்மடலை ஒரே வெட்டில் வெட்டினார். வீட்டுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அம்மா கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். பூசைக்கு முக்கால் மணி நேரமே இருந்தது. கோட்டைக் கழற்றக்கூட விடாமல், அவர் தோளிலேயே வைத்துத் தைத்தார். ஒரு ஆமிக்காரனின் தோளில் அம்மா கை வைத்தது வாழ்நாளில் அன்றுதான். ஊசி அவரைக் குத்திவிடாதபடி, துணிக்கு அடியில் தன் இடது விரலை வைத்துக்கொண்டார்.

கிழவர் பிள்ளையைப்போல அசையாமல் இருந்தார். பாதித் தையலில் அம்மா கேட்டார்: “சண்டையிலை வெண்டதெண்டு சொன்னவரெல்லே. பிறகேன் தன்ரை ஊருக்குப் போகேல்லை எண்டு கேள்.”

இந்த முறை ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை என்று நான் மாதாவிடம் நேர்ந்திருந்தேன். கேட்டேன். அவர் மெதுவாக, எனக்கு விளங்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நானும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

“பிரான்சிலை ஊர்களை மீட்டுக் குடுத்தவையாம், அம்மா. ஒல்லாந்திலையும் குடுத்தவையாம். ஆனா சண்டை முடிய, இவரின்ரை ஊரைப் பெரிய நாடுகள் சேர்ந்து வேறை நாட்டுக்குக் குடுத்திட்டினமாம். அடுத்த வருசம் போகலாம், அடுத்த வருசம் போகலாம் எண்டு இருந்தவராம். இப்ப நாப்பது வருசமாம்.”

கடைசித் தையலும் விழுந்தது. அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுக்கக் குனிந்தவர், கொஞ்ச நேரம் நிமிரவில்லை. வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமலே, தோளில் இருந்த அம்மாவின் கையை இரண்டு தரம் தட்டினார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு பூசைக்குப் போனார்.

வீடு எங்களுக்குத் தங்கிவிட்டது என்பது எனக்கு விளங்கியது. அப்படியிருந்தும் அம்மாவின் கண் ஏன் சிவந்திருக்கிறது என்பது விளங்கவில்லை. கோட்டுப் பை கெட்டுப்போன கவலை என்று நினைத்தேன்.

“நான் சரியாத்தானே சொன்னனான், அம்மா?”

“ஓம் பிள்ளை. சரியாச் சொன்னனி.”

அடுத்த சனிக்கிழமை அம்மா என்னைத் துணிக்கடைக்குக் கூட்டிப்போனார். பேஸ்மென்ட் ஜன்னலில் அதுவரை ஒரு பழைய சேலையை ஆணியில் கொழுவி விட்டிருந்தோம். கொஞ்ச நாளைக்குத்தானே, பிறகு ஊருக்குப் போய்விடுவோம் என்று அம்மாதான் அப்படி விட்டிருந்தார். அன்றைக்கு, ஜன்னல் திரைக்குப் பல வருடம் கிழியாத துணியாகக் காட்டச் சொல்லிக் கடைக்காரியிடம் கேட்கும்படி சொன்னார். நிறத்தை என்னையே தெரிந்தெடுக்கவும் விட்டார். மஞ்சள் பூப் போட்ட துணியைக் காட்டினேன். ஒரு சொல்லும் பிசகாமல் மொழிபெயர்த்ததற்கு அம்மா தந்த பரிசு அது என்று நம்பி, அந்தப் பொதியை வழி முழுதும் நானே சுமந்துவந்தேன்.