யன்னலை மறைத்த அலுமாரி

எங்கள் பக்கத்தில் மகளுக்குத் திருமணமானால் வீடு அவளுடையது, பெற்றோர் ஒதுங்கிக்கொள்வார்கள். சென்ற ஆவணியில் இளைய மகளின் திருமணம் நிறைவேறியதும், நானும் மனைவியும் பக்க அறைக்குக் குடிபெயர்ந்தோம். கிரானிலுள்ள எங்கள் வயலிலிருந்து வரும் நெல் மூட்டைகளை அதுவரை அதில்தான் அடுக்கிவந்தோம். "பெரிய அறையிலயே இருங்க அப்பா" என்று மகள் மன்றாடினாள். கொடுத்த வீட்டில் எங்களுடைய துரும்பும் இடம்பிடிக்கலாகாது என்பது என் பிடிவாதம். ஆகவே கட்டில், மேசை, கதிரைகள், பதிக நூல்கள் நிறைந்த பலாமர அலுமாரி என்று அனைத்தும் எங்களோடு வந்து சேர்ந்தன.

வெள்ளி மாலைகளில் நண்பர் மூவர் வருவார்கள், பதிகம் பாடுவோம். நிறைவுப் பாட்டு என் மனைவியுடையது. முழங்கால் வலியால் கோயிலுக்குச் செல்வதும் நின்றுபோன அவளுக்கு, கிழமை முழுவதற்கும் அந்த ஒரு மாலைதான்.

புதிய அறையில் முதல் வெள்ளி. அலுமாரி வேறெங்கும் கொள்ளாமல் யன்னலை அடைத்து நின்றதால் காற்றில்லை. இருவர் மேசையோரம் ஒடுங்கினார்கள். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே அமர்ந்தவரின் குரல் மட்டும் வெளிவந்தது. அவர்தான் கடைசியில் சொன்னார்: "மச்சான், மூச்சு விடவே இடமில்ல, இதுக்குள்ள ராகத்த எங்க இழுக்கிற? வாற கிழமை என்ட வீட்ட வெப்பம்."

அவர் வீடு வாவிக்கு அக்கரையில். மனைவி முழங்காலைத் தடவியபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை உறங்கவிடவில்லை.

மறுநாட் காலையிலேயே தொடங்கினேன். மேற்குச் சுவரில் சுவாமி படம். அதை நோக்கிக் கால் நீட்டலாகாது. வடக்கே தலை வைத்தலும் ஆகாது. இவ்விரு விதிகளுக்கும் அடங்கியபடி கட்டிலை நான் திருப்பத் திருப்ப, வாசற்படியில் அமர்ந்திருந்த மனைவி, "இஞ்சேருங்க, கட்டிலுக்குத் தலை சுத்தப் போகுது" என்றாள். கதிரைகளைக் கவிழ்த்து மேசைமேல் ஏற்றினேன். அறை பெரிதாகவில்லை, கல்யாணம் முடிந்த மண்டபம் போலானது. விண்ணும் மண்ணும் கொள்ளாத பெருமான் அடியார் நெஞ்சுக்குள் அடங்குவான் என்று உருகிப் பாடுகிறவனால், ஓர் அலுமாரியை அடக்க முடியவில்லை.

"அலுமாரிய மட்டும் முன் ஹோலில விடலாமே" என்றாள் மனைவி.

"குடுத்த வீட்டில நம்மட சாமானா? அது ஒரு நாளும் நடவாது."

சத்தம் கேட்டு மகளும் மருமகனும் வந்து நின்றிருந்தார்கள். மகள் இடுப்பில் கை வைத்தாள்.

"அப்பா, வீட்ட மட்டும் தந்துபோட்டு அலுமாரிய ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, இது ஞாயமா? என்ட சீதனம் குறையுது."

மருமகன் பதறினார். "ஐயோ மாமா, நான் ஒண்டும் கேக்கல்ல!"

"நீங்க சும்மா இருங்க. கேக்க வேண்டியத நான் கேக்கிறன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மகளின் தந்திரம் எனக்கும் விளங்காமலில்லை. ஆனால் மகள் வாய்விட்டுக் கேட்ட சீதனத்தை மறுக்கும் தகப்பன் எங்கள் ஊரில் உண்டா? "குறை வெச்சன் எண்டு சொல்லக் கூடாது, புள்ள. கொண்டு போ" என்றேன், மிகுந்த பெருமிதத்தோடு.

மருமகனும் நானும் அதைத் தள்ளிச் சென்றோம். ஹோலில் அது முன்பு நின்ற இடத்தில் நான்கு கால்களின் தடமும் அப்படியே இருந்தது. அங்கே மகள் ஒரு பூச்சாடிகூட வைத்திருக்கவில்லை.

யன்னல் திறந்தது. வாவிக் காற்று உள்ளே வந்தது. மேசை அதன் கீழே போயிற்று. தெற்கே தலைமாடு அமையக் கட்டில் கிழக்குச் சுவரோடு ஒட்டிக்கொள்ள, நடுவே பெரிய பன்புல் பாய் ஒன்றை முழுதாக விரிக்க முடிந்தது.

அடுத்த வெள்ளி நண்பர்கள் என்னை அக்கரைக்கு அழைத்துப்போகும் முடிவோடுதான் வந்தார்கள். பாயைக் கண்டதும் அமர்ந்துவிட்டார்கள். நூல்கள் இப்போது மகளின் அலுமாரியில் அல்லவா? மருமகன் அவற்றை அணைத்து ஏந்தி வந்து, வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே சம்மணமிட்டார். பின்னால் மகளும் வந்து தாயின் அருகே நெருக்கி அமர்ந்தாள்.

சென்ற வாரம் குரல் மட்டுமாக இருந்த நண்பர், முழங்கால்களை மடக்கிக்கொண்டு முனகினார்: "அலுமாரிய எடுத்துப்போட்டு அந்த இடத்தில மருமகன இருத்தியிருக்கார். நமக்கு மறுகாவும் மூலைதான்!"

ஆனால் அக்கரைப் பேச்சை அவர் எடுக்கவில்லை. எல்லோரும் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டோம். நிறைவுப் பாட்டுக்கு நேரமானதும், மனைவி வலிக்கும் காலை மகளின் மடிமேல் நீட்டிக்கொண்டு குரலெடுத்தாள்.