ஞானஸ்நானக் குழந்தையின் கன்னத்தில் பொட்டு

1. வாசலில் செருப்பு

பிரசவ விடுப்பு முடிந்து நான் ஸ்டூடியோவுக்குத் திரும்பிய முதல் மாதம் கிளையண்டிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. "ஊரில் வெள்ளமா? ஏன் எல்லோரும் பூட்ஸைக் கழற்றித் தேவாலய வாசலில் வைத்திருக்கிறார்கள்?"

தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டூடியோ எங்களுடையது. விக்டோரியா ராணியின் கடைசிக் காலத்தில் நடக்கும் ஒரு குழந்தைகள் தொடர் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றிடமிருந்து வந்திருந்தது. இங்கிலாந்தில் ஒரு கிராமம், அதன் நடுவில் தேவாலயம், ஒரு பாதிரியார், அவர் வீட்டம்மா, கயிறு இழுத்து மணி அடிக்கிறவர்கள், முன் பெஞ்சில் உட்காரும் பண்ணையார். யார் வீட்டுக்கு சூப் போகவேண்டும், யார் பையன் பாட்டுக் குழுவில் தூங்கினான் என்பதெல்லாம்தான் கதை. சண்டை கிடையாது, பேய் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

என் வேலை பேக்ரவுண்ட் பெயின்டிங். கதாபாத்திரங்களுக்குப் பின்னால் இருக்கும் வீடு, மரம், வானம், கல்லறைத் தோட்டம் எல்லாம் நான் வரைவது. அசையாத பொருள்களும் என் கணக்கில் வரும். அந்தச் செருப்புகளை யார் முதலில் வாசலில் வைத்தார்கள் என்று தெரியவில்லை. வண்ணம் கொடுத்தது நான்தான். மழைக்காலக் காட்சி என்பதால் பூட்ஸுக்கு அடியில் கொஞ்சம் சேறு வேறு வைத்திருந்தேன். எங்கள் டீம் லீட் முரளி சார் உட்பட எல்லோரும் பார்த்து ஓகே சொன்ன படம் அது.

முரளி சார் ஸ்டெல்லாவிடம் திரும்பினார். ஸ்டெல்லா என் பக்கத்து சீட். ஞாயிறு தவறாமல் மேற்குத் தாம்பரத்தில் சர்ச்சுக்குப் போகிறவள்.

"ஏம்மா, நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சார், எங்க சர்ச்ல நாங்களும் வெளியதான் விடுவோம். போன ஈஸ்டருக்கு என் புது செருப்பே காணாம போச்சு. வெள்ளைக்காரன் ஷூவோட உள்ள போவான்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். முரளி சார் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இந்த மாதிரி போச்சுன்னா அடுத்த எபிசோட் நமக்குக் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. பாத்துக்கோங்க." சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தார். வேண்டுமென்று பார்த்தாரா, சும்மா பார்த்தாரா தெரியவில்லை. விடுப்பு நீண்டுபோனதால், திரும்ப வந்தபோது என்னை ஒப்பந்தத்தில்தான் எடுத்திருந்தார்கள். இந்த எபிசோட் முடிந்ததும் நிரந்தரம் பற்றிப் பேசலாம் என்றிருந்தார். அவர் பார்த்தது அதற்காகத்தான் என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. அம்மா வராத ஞானஸ்நானம்

அடுத்து வந்தது ஞானஸ்நானக் காட்சி. ஒரு கூலித் தொழிலாளியின் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரி கையில் ஏந்தித் தேவாலயத்துக்குக் கொண்டுபோகிறாள். அப்பா கூடப் போகிறார். அம்மா மட்டும் வீட்டு ஜன்னலில் நிற்கிறாள்.

ஏன் அம்மா போகவில்லை என்று கிளையண்டே குறிப்பு எழுதியிருந்தார்கள். பிரசவமான பெண் தேவாலயத்துக்குப் போய், பாதிரியார் அவளுக்காக நன்றி ஜெபம் சொன்ன பிறகுதான் வெளியே நடமாடலாம். அதுவரை அக்கம்பக்கத்தில் அவளை வாசல்படி ஏறவிட மாட்டார்கள். குழந்தையின் ஞானஸ்நானம் முன்னால் நடந்துவிடும், அவளுக்கான ஜெபம் பின்னால்.

முரளி சார் வாசித்துவிட்டு, "இது நம்ம தீட்டுதானே? அங்கயுமா?" என்றார்.

"உலகம் பூரா மாமியாருங்க ஒண்ணுதான் சார்" என்றாள் ஸ்டெல்லா.

எனக்கு அந்த ஜன்னல் மனதைவிட்டுப் போகவில்லை. என் மகள் மகிழுக்குப் பத்து மாதம். காலையில் சிட்லபாக்கத்தில் கிரெச்சில் விட்டுவிட்டு வருகிறேன். அங்கே பார்த்துக்கொள்பவர் அஞ்சலை அக்கா. கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம், இங்கே மகன் வீட்டோடு இருக்கிறார். கையில் வாங்கினால் மகிழ் அழுகையை நிறுத்திவிடுவாள். அது எனக்கு நிம்மதி. கொஞ்சம் வருத்தமும்தான். இப்படிச் சொல்லலாமா என்று தெரியவில்லை.

ஞானஸ்நானக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால், வெள்ளைத் துணிப் பொதியோடு சேர்த்து அசையாத பொருளாக என்னிடமே வந்தது. அதை முடிக்கவேண்டிய நாள் காலையில் மகிழுக்கு உடம்பு சுட்டது. கணவருக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் காலை ஷிஃப்ட், அவர் கிளம்பிவிட்டார். டாக்டரிடம் போனில் கேட்டு மருந்து கொடுத்து, சூடு தணிந்ததும் கிரெச்சில் விட்டேன். லீவு போட்டிருக்கவேண்டுமோ? போட்டால் ஒப்பந்தம் என்னாகும்? ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போதுதான், அவளுக்குப் பொட்டு வைக்க மறந்தது உறைத்தது. தினமும் இடது கன்னத்தில் மையால் வைக்கிற திருஷ்டிப் பொட்டு. நான் படித்தவள்தான், பொட்டு காய்ச்சலைத் தடுக்காது என்று தெரியும். ஆனாலும் அன்றைக்கு முழுக்க என் விரல் சும்மா இல்லை.

சாயங்காலம் படத்தை முடித்தேன். குழந்தையின் கன்னத்துக்கு லேசான சிவப்பு, மூக்கு நுனியில் வெளிச்சம். முரளி சார் பார்த்து, "அழகா இருக்கு, அனுப்பிடலாம்" என்றார். அனுப்பினோம்.

3. அஞ்சலை அக்கா வைத்தது

கிரெச் வாசலில் மகிழ் அஞ்சலை அக்காவின் இடுப்பில் இருந்தாள். காய்ச்சல் இல்லை. இடது கன்னத்தில் ஒரு பொட்டு, நான் வைப்பதைப்போல மூன்று மடங்கு.

"இன்னாம்மா, கொயந்தையை மொட்டையா இட்டுகினு வந்துட்ட? ஜொரம் வேற. அதான் நானே வெச்சேன். என் கண்ணு மையிதான், நல்ல மையி."

"மறந்துட்டேன்க்கா."

"மறக்கறதுக்குத்தான் நான் ஒருத்தி கீறேனே. பேஜாராவாத, வூட்டுக்குப் போ."

அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் சாயங்காலம் முடித்த படம் நினைவுக்கு வந்தது. மகிழுக்கு வைக்க மறந்த பொட்டை நான் வைத்துத்தான் இருந்தேன். அந்த இங்கிலாந்துக் குழந்தைக்கு. இடது கன்னத்தில், அதே இடத்தில். கை வைத்தது கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் ஸ்டூடியோவில் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. குழந்தை என்றால் அது இருக்கும், அவ்வளவுதான்.

தெருவிலேயே நின்று முரளி சாருக்குப் போன் செய்தேன்.

"பொட்டா? எங்க?" என்றார். கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு நீளமாக மூச்சு விட்டார். "நித்யா, நான் ரெண்டு தடவை பாத்தேங்க. என் பொண்ணு ஞாபகம் வந்துது, நல்லாருக்குன்னு நினைச்சேன். எனக்கே தெரியலையே."

"சார், அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடலாமா?"

"சரி. ரெண்டே வரி. தப்பு, சரி பண்ணி அனுப்பறோம்னு போடுங்க. கதை எழுதாதீங்க."

வீட்டுக்கு வந்து மகிழை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். இரண்டு வரிதான் எழுதினேன். பிறகு, அது என்ன பொட்டு என்று தெரியாமல் அம்மை நோய் என்று நினைத்துவிட்டால்? ஒரு வரி சேர்த்தேன். ஏன் வைக்கிறோம் என்று இன்னொன்று. அழித்தேன். திரும்ப எழுதினேன். கடைசியில் ஒரு கேள்வியையும் சேர்த்துவிட்டேன். அம்மா கூட வராமல் குழந்தை மட்டும் வெளியே போகிறதே, கண் படாமலிருக்க உங்கள் ஊர்த் தாய்மார் ஒன்றும் செய்யமாட்டார்களா? அனுப்பிய பிறகு, இந்த வேலை இனி இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

4. இரவல் பவளம்

மறுநாள் காலை முரளி சார் என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு வரின்னு சொன்னேன். ராமாயணம் எழுதியிருக்கீங்க. பதில் வந்திருக்கு, படிங்க."

தொடருக்கு ஆராய்ச்சி பார்க்கும் பெண்மணி எழுதியிருந்தார். பொட்டை எடுத்துவிடுங்கள். எங்கள் ஊரில் குழந்தையின் கழுத்தில் பவளமணி கட்டுவது உண்டு. பல் முளைக்கும் வலிக்கு என்பார்கள், கெட்டது அண்டாது என்றும் நம்பினார்கள். நாங்கள்தான் அதைக் குறிப்பில் சொல்லாமல் விட்டுவிட்டோம், நீங்கள் அதைப் போடுங்கள். ஆனால் கூலித் தொழிலாளி வீட்டில் சொந்தமாக இருக்காது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதாக இருக்கட்டும். கழுத்துக்குக் கொஞ்சம் பெரியதாகத் தொங்கவேண்டும்.

"அவ்வளவுதானா சார்?"

"கீழ ஒரு வரி இருக்கு பாருங்க. அடுத்த எபிசோட் ஷெட்யூல் எப்ப அனுப்பறதுன்னு கேட்டிருக்காங்க." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒண்ணாந்தேதியிலருந்து உங்களை நிரந்தரத்துல போடச் சொல்லி எச்.ஆர்.கிட்ட பேசறேன். ஆனா இனிமே மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க."

ஸ்டெல்லா தலையை நீட்டினாள். "பவளமா? தங்கத்துல கோத்துப் போடுடி, பண்ணையாரம்மா வயிறெரியட்டும்."

தங்கம் போடவில்லை. சாதாரண நூலில் ஒரே சரம். பெரியவர்கள் கழுத்துக்கானது என்று பார்த்தவுடன் தெரியும்படி, துணிப் பொதியின் மடிப்பு வரை தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி தன் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டிருப்பாள் என்று வைத்துக்கொண்டேன். பிறகு ஜன்னல் படத்தைத் திறந்தேன். பனி படிந்த கண்ணாடியில், அந்த அம்மா உள்ளிருந்து கையால் துடைத்துப் பார்த்த இடமாக ஒரு வட்டத்தைத் தெளிவாக்கினேன். அதை யாரும் கேட்கவில்லை. யாரும் எடுக்கவும் சொல்லவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தெரியாத ஊரை வரையும்போது தெரியாததையெல்லாம் தேடிப் பார்ப்பீர்கள், அதில் தப்பு குறைவாகத்தான் வரும். தெரியும் என்று கை தானாகப் போகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள். குழந்தை, சாப்பாடு, வாசல்படி. சந்தேகம் வந்தால் அழித்துவிட்டு மட்டும் போகாதீர்கள், அந்த இடத்தில் அவர்கள் என்ன வைப்பார்கள் என்று கேளுங்கள்.

பவளம் போட்ட படத்தை அனுப்பிய மறுநாள் கிரெச்சுக்குப் போகும்போது மை டப்பாவையும் எடுத்துப்போனேன். மகிழுக்கு வீட்டிலேயே பொட்டு வைத்தாகிவிட்டது. டப்பாவை அஞ்சலை அக்காவின் அலமாரியில் வைத்தேன்.

"இது இங்கியே இருக்கட்டும்க்கா. நான் மறந்தா நீங்க வையுங்க."

"நீ மறக்காட்டி?"

நான் டப்பாவின் மூடியை இன்னொரு தடவை இறுக்கினேன்.

"மறக்காட்டியும் வெக்கிறேன். ரெண்டு இருந்தா இன்னா இப்போ?" என்று மகிழைக் கையில் வாங்கிக்கொண்டார். "நீ கிளம்பு, பஸ் வந்துகினு கீது."