என் முதல் நன்னடத்தை அறிக்கை

குற்றவியல் படிப்பில் கடைசி ஆண்டு. பிராக்டிக்கலுக்கு எனக்கு வாய்த்தது கூலிம் ஊரில் ஒரு நன்னடத்தை அலுவலகம். தோழிகள் போலீஸ் நிலையத்தில் கைரேகை பார்த்துக்கொண்டிருக்க, நான் மூன்று வாரம் கோப்புகளை அடுக்கினேன். எரிச்சலென்றால் அப்படியொரு எரிச்சல்.

நாலாவது வாரம் என் அதிகாரி, கலகலப்பான ஒரு மலாய் அம்மையார், என்னைப் பாடாங் மேஹாவுக்குக் காரில் கூட்டிப்போனார். அங்கே ஓர் எஸ்டேட்டில் இருபது வயது இளைஞன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை திருடி, குற்றத்தையும் ஒப்புக்கொண்டிருந்தான். அவனுக்குச் சிறையா, நன்னடத்தை ஜாமீனா என்று மாஜிஸ்திரேட் முடிவுசெய்ய எங்கள் அறிக்கை வேண்டும்.

"நீதான் தமிழ்ல பேசணும். அக்கம்பக்கத்துல விசாரி. கேஸ் விஷயத்தை மட்டும் வெளியே விடாதே" என்று மலாயில் சொல்லிவிட்டு, அவர் எஸ்டேட் கணக்குப்பிள்ளையான கிராணியைப் பார்க்க ஆபீசுக்குப் போய்விட்டார்.

நானும் கோப்பும் கையுமாக வீடு வீடாக ஏறினேன். பையன் எப்படி? குடிப்பானா? சேர்க்கை எப்படி? கோபம் வருமா?

"தங்கமான புள்ளம்மா!"

"குடியா? அவனா? பச்சத் தண்ணியக்கூட வடிகட்டித்தான் குடிப்பான் லா!"

ஒரு அக்கா ரோஸ் சிரப் கலக்கிக் கொடுத்து, என் சொந்த ஊர் மெர்கோங்கா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். இரண்டு பக்கம் மளமளவென்று நிரம்பின. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அவனுடைய அம்மா வேலைக்காட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். காலில் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. என் கையைப் பிடித்து வீட்டுப் பின்பக்கம் இழுத்துப்போனார்.

"மாப்ள பாக்குறது ஒனக்கா, ஒன் தங்கச்சிக்கான்னு தெரியல. யாருக்கா இருந்தாலும் வேணாம்மா. குடிக்கிறான், கூட்டு சரியில்ல, கோர்ட்ல கேஸ் வேற ஓடுது. கல்யாணப் பேச்சக் கெடுத்த பாவம் எதுக்குன்னு இங்க ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. நானும் சொல்லாம விட்டா ஒரு பொண்ணுல்ல அழுவும்?"

அடப்பாவமே! பெண் வீட்டார் கேட்கும் கேள்விகளைத்தான் வரிசை பிசகாமல் கேட்டு வைத்திருக்கிறேன்.

"அம்மா, நான் பொண்ணு வீடு இல்ல. கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுத வந்தவ."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, என் வாயாலேயே புள்ளய உள்ள தள்ளிட்டனே!" என்றார். எழுதாதே என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காரில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அதிகாரி சிரித்த சிரிப்பில் காரை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. பிறகு என் மடியிலிருந்த அறிக்கைப் படிவத்தில் ஒரு கேள்வியைத் தொட்டுக் காட்டினார்: அவனைக் கண்காணிக்க வீட்டில் நம்பகமான ஆள் உண்டா?

புகழ்மாலை இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். அந்த அம்மா சொன்னதையும், எதற்காகச் சொன்னார் என்பதையும் ஒன்றுவிடாமல் எழுதினேன்.

தீர்ப்பன்று மாஜிஸ்திரேட் அறிக்கையைப் படித்துவிட்டு, கடைசி வரிசையில் இருந்த அம்மாவைச் சற்று நேரம் பார்த்தார். அந்த அம்மாவின் பொறுப்பிலேயே மகனுக்கு நன்னடத்தை ஜாமீன் கிடைத்தது.

வெளியே வந்ததும் அந்த அம்மா என்னை மடக்கினார். "நான் சொன்னத நீ எழுதலியாம்மா?"

"எல்லாத்தையும் எழுதினேன்மா."

"பின்ன எப்படி விட்டாங்க?"

"மவனுக்காகக்கூட பொய் சொல்லாத ஆளு வீட்டுல இருக்குன்னுதான் விட்டாங்க."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "கேட்டியாடா?" என்றார்.