வட்டியில்லாக் கடனும் அம்மாவின் சீட்டும்

அன்றைக்குக் குசினி மேசையில் இருந்தது அப்பா, அம்மா, நான். தங்கச்சி வேலைக்குப் போயிருந்தாள். அப்பாவோடு வாயாடி வெல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படிப்பு முடிந்து ஆறு மாதமானதும், மாணவர் கடனைக் கட்டத் தொடங்கச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. ஒரு தாளில் மூன்றாகப் பிரித்து எழுதிக் காட்டினேன். கிராண்ட் என்கிற உதவித்தொகை, அது திருப்பிக் கட்டத் தேவையில்லை. மத்திய அரசின் கடன் பதினோராயிரம் டொலர், வட்டி இல்லை, ஆறுதலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். மாகாணத்தின் கடன் நாலாயிரம், அதற்கு மட்டும் வட்டி ஏறும்.

"ஆர் வட்டியில்லாமல் காசு தருவான்?" என்றார் அப்பா. "என்ர சொந்தத் தம்பியே தரேல்லை."

"அரசாங்கம் தருகுது அப்பா."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

கிராண்டில் அவருக்கு இன்னும் சந்தேகம். அதையும் திருப்பிக் குடு என்று நின்றார். மாணவர் கடன் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். அங்கே இருந்த பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரித்தபடி, அது உங்களுடைய காசு, வைத்திருங்கள் என்றாள்.

"பாத்தியோ, வாங்க மாட்டினமாம். சிரிக்கிறாள் வேற. உதுக்குள்ள என்னவோ கிடக்கு."

எனக்கும் சிரிப்பு வந்தது, அவர் அடுத்த கேள்வி கேட்கும்வரை.

"இண்டைக்கு வட்டியில்லை. நாளைக்கு ஆட்சி மாறினால்?"

கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். மாறவே மாறாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதற்குப் பிறகு என்னாலும் அந்தத் தாளை நம்ப முடியவில்லை.

அம்மாவுக்கு இருபதாயிரம் டொலர்ச் சீட்டொன்று ஓடிக்கொண்டிருந்தது. கடைசித் தவணையில் முழுசாக எடுத்துப் பல்லுக் கட்ட வேண்டுமென்று பொறுத்திருந்தா. ஒரு பக்கத்தால்தான் சப்புவா.

"சீட்டை ஏலத்தில கூறி இப்பவே எடுப்பம்" என்றா. "பிள்ளையின்ர தலையில அரசாங்கக் கடன் வேண்டாம்."

"மாகாணக் கடனை மட்டும் என்ர சம்பளத்தில கட்டுறன் அம்மா."

"எடுக்கிறது எடுக்கிறம். எல்லாத்தையும் முடி."

அடுத்த ஞாயிறு, மில்லிக்கன் பகுதியில் சீட்டு நடத்துகிற அன்ரி வீட்டில் ஏலம் கூறினார்கள். முந்தி எடுப்பதென்றால் சீட்டுத் தொகையில் ஒரு பகுதியைக் கழிவாக விட்டுக்கொடுக்க வேண்டும். ஆர் கூடுதலாக விடுகிறாரோ காசு அவருக்கு. அன்றைக்கு இன்னொருவருக்கும் அவசரம். கழிவு ஏறிக்கொண்டே போனது. அம்மா என்னைப் பார்க்காமலே ஒரு தொகை சொன்னா, மற்றவர் பின்வாங்கிவிட்டார். திங்கட்கிழமை கடன் முழுவதையும் கட்டி முடித்தேன்.

அம்மா விட்ட கழிவு நாலாயிரத்து முன்னூறு டொலர்.